எரியாத விளக்கை நம்பி ஓடும் வான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுன்னாகம் பக்கத்திலிருந்து யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் சாரதி. வான் என்னுடையதுதான். ரொயோட்டா ஹயஸ், எல்.எச். 113, எங்கள் ஆட்கள் டொல்பின் என்று சொல்கிற மொடல், 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பாடசாலை வான்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் அளவுக்கு மிஞ்சி ஏற்றுகிறார்கள், வேகமாக ஓடுகிறார்கள், பாட்டைச் சத்தமாகப் போடுகிறார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் ஒருவரும் எழுதாத ஒரு சாமானைப் பற்றி நான் எழுத வந்திருக்கிறேன். ரைமிங் பெல்ற், எஞ்சினுக்குள் சுற்றுகிற ஒரு ரப்பர் பட்டி. சிரிக்காமல் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இதில் உங்கள் பிள்ளையும் சம்பந்தப்பட்டிருக்கலாம்.

வானை நான் 2011இல் கொழும்பில் வாங்கினேன். போர் முடிந்து, தெற்குக்குப் போகிற ஏ9 பாதை திறந்து, இங்கேயிருந்து போனவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வாகனத்தோடு திரும்பி வந்த காலம். மீற்றர் 1,38,000 காட்டியது. பெல்ற் எப்போது மாற்றியது என்று விற்றவரிடம் கேட்டேன், அவர் மீற்றர் பெட்டியைக் காட்டி, "இதில ரி-பெல்ற் எண்டு ஒரு லைற் இருக்கு, நேரம் வந்தா அதுவே எரியும், அதுவரைக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. இந்த எஞ்சின்களில் ஒவ்வொரு ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அந்த விளக்கு எரியும்படி கம்பனிக்காரன் செய்திருக்கிறான். நானும் நம்பினேன். 2 இலட்சத்தைத் தாண்டுகிற நாளில் விளக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே ஓடினேன், வரவில்லை. வராதது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன், செலவு மிச்சம்.

பிறகு 2023இல் மீற்றர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, மற்ற எல்லா விளக்கும் இருந்த இடத்தில் அந்த ஒரு இடம் மட்டும் வெறும் ஓட்டையாக இருந்தது. பல்ப்பையே யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள். எனக்கு விற்றவரா, அவருக்கு விற்றவரா, தெரியாது. இல்லாத ஒரு விளக்கு எரியும் என்று நான் பன்னிரண்டு வருசம் காத்திருந்திருக்கிறேன். அதுவும் இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. (சரி, இருபது என்று எழுதக்கூடாதுதான், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

பெல்ற் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினுக்குக் கீழே பிஸ்ரன்களோடு சேர்ந்து சுற்றுவது கிராங். மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது காம். கிராங் இரண்டு தரம் சுற்றினால் காம் ஒரு தரம் சுற்றவேண்டும், ஒரு பல்லும் பிசகக்கூடாது. அந்த இரண்டையும் இணைத்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டி. உள்ளே கண்ணாடி இழைக் கயிறு இருக்கும், வெளியே பார்த்தால் வெறும் ரப்பர்தான். எங்கள் 3எல் எஞ்சினில் டீசல் பம்ப்பையும் அதே பட்டிதான் சுற்றுகிறது. சைக்கிள் செயின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சைக்கிள் செயின் கழன்றால் இறங்கிக் கையால் மாட்டிவிட்டுக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு போகலாம். இங்கே அது நடக்காது. டீசல் எஞ்சினில் காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள், அதற்காகப் பிஸ்ரன் மேலே வரும்போது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டோடு ஒட்டுகிற அளவுக்குக் கிட்ட வரும், நடுவில் இடமே இராது. அந்த நேரம் பெல்ற் அறுந்து வால்வு திறந்தபடி நின்றால் பிஸ்ரன் வந்து அடிக்கும். 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனுக்கு 25 தரம் திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்று கராஜில் வேலை செய்யாதவர்களும் ஊகிக்கலாம்.

என் மச்சான் ஒருவரும் டொல்பின்தான் வைத்திருக்கிறார், ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடுவார். 2023 தொடக்கத்தில் கொழும்பு ஹயர் ஒன்று. விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இரவு வெளிக்கிட்டு, முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்துக்குக் கிட்ட எஞ்சின் ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை என்றார். விசிறி பெல்ற் தளர்ந்தால் கீச்சென்று கத்தும், பிறேக் தேய்ந்தால் உரசும், ரயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ரைமிங் பெல்ற் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. எஞ்சின் நின்றவுடன் பவர் ஸ்ரியறிங்கும் போய்விட்டது, பிறேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிட்டது. நேர் வீதி, இரவு, எதிரில் ஒன்றும் வரவில்லை, வானை ஒருமாதிரி ஓரங்கட்டிவிட்டார். அதே சங்கதி காலை ஏழரைக்கு நகரத்துக்குள், முன்னால் ஒரு பஸ்ஸும் பக்கத்தில் சைக்கிளில் போகிற பிள்ளைகளுமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்கே நான் கேட்டுக்கொண்டேன்.

வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஹெட்டைக் கழற்றினால் எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன. வால்வு, கைட், கஸ்கெற், லேத் வேலை, இழுத்த கூலி, விமானத்தைத் தவறவிடக்கூடாது என்று அந்த ஆட்களுக்கு வேறு வான் பிடித்துக் கொடுத்த காசு, மூன்று கிழமை ஹயர் இல்லாத நட்டம். பெல்ற்றும் அதை இழுத்துப் பிடிக்கிற உருளையும் ஓயில் கசியாமல் தடுக்கிற இரண்டு சீலும் சேர்த்தால் வானுக்கு ஒரு சோடி ரயர் வாங்குகிற காசு வராது. இதைச் சொன்னால் அவருக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஆனால் பத்திரிகையில் பெயர் போடவில்லைத்தானே.

இனி என் கதை. நான் ஏன் மாற்றாமல் இருந்தேன் என்று கேட்டால், அறியாமை மட்டும் காரணம் இல்லை. 2019 கடைசியில் இந்த வானை விற்றுவிட்டு ஹயஸின் புது மொடலான ஒரு கே.டி.எச். வாங்குவது என்று முடிவெடுத்திருந்தேன். விற்கப்போகிற வானுக்கு யார் பெல்ற் போடுவார்கள்? வாங்குகிறவன் போடட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சந்தையில் இருந்த வான்கள் எல்லாம் ஒரே வருசத்தில் எட்டாத விலைக்குப் போய்விட்டன, கே.டி.எச். கனவு அதோடு முடிந்தது. அதே மாதம் கொரோனா, பாடசாலை பூட்டு. அடுத்து 2022, டீசல் இல்லை. யூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருளைப் பங்கீடாக வாங்குகிற முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள், அதற்கு முன்பு வரிசையில் நின்ற நேரம்தான் ஓடிய நேரத்தைவிடக் கூட. ஆக, மூன்று வருசம் வான் பெரும்பாலும் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. ஓடாத வானுக்கு என்ன தேய்மானம் என்று நினைத்தேன். இது பெரிய பிழை. உலோகத்துக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு சரி. ரப்பருக்குச் சரி இல்லை. ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும், அதுவும் எங்கள் ஊர் வெக்கையில், ஹயஸில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள்.

இதைத்தான் பத்திரிகை வழியாக மற்றச் சாரதிகளுக்குச் சொல்ல வந்தேன்: கிலோமீற்றர் கணக்கை விடுங்கள், வருசக் கணக்கைப் பாருங்கள். நான் ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிறேன், பாடசாலை நாள் வருசத்தில் இருநூறு என்று வைத்தால் 10,000 கிலோமீற்றர். ஒரு இலட்சம் ஓட எனக்குப் பத்து வருசம் வேண்டும். கொழும்புக்குக் கிழமைக்கு மூன்று தரம் போய்வருகிற வானுக்கு அது ஒரு வருசக் கதைகூட இல்லை. இரண்டு வானுக்கும் ஒரே விளக்கு, ஒரே இலட்சம். அந்த விளக்குக்குப் பெல்ற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது, அது பெல்ற்றைப் பார்ப்பதில்லை, மீற்றரைத்தான் எண்ணுகிறது. மீற்றரை யாராவது பின்னுக்குச் சுற்றியிருந்தால் அதுவும் போச்சு. சில மொடல்களில் மீற்றர் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகாணியை ஒரு துளையிலிருந்து மற்றத் துளைக்கு மாற்றினால் விளக்கு அணைந்துவிடும், பெல்ற்றைத் தொடாமலே. பிறகு, பாடசாலை வாசலில் பிள்ளைகள் வரும்வரை எஞ்சினை நிறுத்தாமல் அரை மணித்தியாலம் நிற்கிறோமே, அந்த நேரமெல்லாம் பெல்ற் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, மீற்றர் அசைவதில்லை.

மச்சானின் வான் உடைந்த அடுத்த கிழமை நான் கராஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனுசன், எனக்கு எத்தனையோ தடவை கடனுக்கு வேலை செய்து தந்தவர். அவர் கையில் ரோச் லைற்றோடு கவரின் ஓரத்தால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பெல்ற் நல்லாத்தான் கிடக்கு, ஓடுமட்டும் ஓடட்டும், அறுந்தாப் பாப்பம்" என்றார்.

அறுந்தாப் பாப்பம்! ஒரு காலத்தில் இந்தப் பதில் சரியாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் தகப்பன்மார் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், சாமான் வரத் தடை, உடைந்தால் உடைந்ததைக் கொண்டே திருத்தினார்கள். உடையும் வரை ஓட்டு, உடைந்தபிறகு பார் என்ற பழக்கம் எங்கள் கராஜ்களுக்கு அங்கேயிருந்து வந்தது, அந்த மெக்கானிக்குகளின் கைக்கு நான் இன்றைக்கும் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கார்களுக்குள் இருந்தது இரும்புச் செயின். செயின் தளர்ந்தால் சளசளவென்று மாதக்கணக்கில் சத்தம் போட்டுச் சொல்லும். ரப்பர் பட்டிக்கு அந்த மரியாதை தெரியாது.

சரி, நான் பிடிவாதமாக நின்று மாற்றச் சொன்னேன். ஒரு முழு நாள் வேலை. விசிறி, வெளி பெல்ற்றுகள், கிராங் கப்பி எல்லாம் கழற்றிக் கவரைத் திறந்தால், காம் சீலால் ஓயில் கசிந்து பெல்ற்றின் ஒரு கரை முழுக்க ஊறிப்போய்ப் பொதுபொதுவென்று இருந்தது. எட்டிப் பார்த்தபோது தெரிந்தது மறு கரை. கழற்றிய பெல்ற்றைப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தோம், பல்லுகளின் அடியில் வரி வரியாக வெடிப்பு. அவர் ஒன்றும் பேசவில்லை, பெல்ற்றைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஒரு ஆணியில் தொங்கவிட்டார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அது இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்குமா, அடுத்த நாளே அறுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. "நல்ல பெல்ற்றைக் கழற்றிப்போட்டு வீண் செலவு செய்தான்" என்று என்னைப் பகிடி பண்ணுகிற நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது தவறென்று நிரூபிக்க என்னிடம் வழி இல்லை. கழற்றிய பெல்ற் அறுவதில்லை, ஆகவே அது அறுந்திருக்கும் என்று காட்டவும் முடியாது.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில சங்கதிகள். பெல்ற்றை மட்டும் மாற்றிவிட்டு உருளையைப் பழையதாக விடாதீர்கள், அதற்குள் இருக்கிற இரும்புக் குண்டுகள் இறுகினால் புதுப் பெல்ற்றையே தின்றுவிடும். கிராங் சீல், காம் சீல் இரண்டையும் அதோடு மாற்றுங்கள், திறந்த கையோடு செய்தால் கூலி கூடாது, பிறகு அதற்கென்று திறந்தால் முழுக் கூலி. ஜப்பான் பெட்டி என்று சொல்லித் தருகிற எல்லாம் ஜப்பான் இல்லை, பெட்டியை அச்சடிப்பது பெல்ற் செய்வதைவிட லேசு, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். மாட்டியபிறகு சாவியைப் போட்டு ஸ்ராட் பண்ண விடாதீர்கள், முதலில் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி அடையாளப் புள்ளிகள் திரும்ப நேருக்கு வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள், அவசரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு எஞ்சின் இழுக்கவில்லை என்று பம்ப்பைக் கழற்றிய கதைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. இன்னொன்று, எஞ்சின் போய், ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி இறக்குகிறவர்கள் அதை வானில் ஏற்றுவதற்கு முன், நிலத்தில் இருக்கும்போதே பெல்ற்றை மாற்றிவிடுங்கள். அது எத்தனை வருசம் எந்தக் களஞ்சியத்தில் கிடந்ததோ யாருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். ரீடி 27 எஞ்சின் போட்ட நிசான் கரவன் வைத்திருப்பவர்கள் இந்தக் கடிதத்தை வாசித்தது வீண், அதில் பல்சில்லுகள்தான், பெல்ற்றே இல்லை, நிம்மதியாக இருங்கள். ரொயோட்டா லொற்றோ வான்காரருக்கும், 4டி 56 எஞ்சின் போட்ட மிற்சுபிசி டெலிக்காக்காரருக்கும் பெல்ற் உண்டு, டெலிக்காவில் இரண்டு, சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் அதுவும் போகும். கே.டி.எச். வைத்திருக்கிற பணக்காரர்கள் தங்களுக்குச் செயின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், 1கேடி, 2கேடி இரண்டிலும் பெல்ற்தான். கழற்றி மாட்ட எங்களுடையதைவிட லேசு, அதனால் சாட்டுச் சொல்லவும் வழி இல்லை. செயின் வந்தது அதற்குப் பிந்திய 1ஜிடி எஞ்சினில்.

"எப்படியும் விற்கப்போகிறேன்" என்பவர்களுக்கு: 2025இல் இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள், உண்மைதான். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டீர்களா? நான் கேட்டேன், கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்களில் பெரும்பாலான ஆட்கள் இன்னும் ஏழெட்டு வருசம் இந்தக் கிழட்டு டொல்பின்களோடுதான் காலம் தள்ளப்போகிறோம்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. வருசா வருசம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முன் வானைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறோம். டீசல் வாகனம் என்றால் வானை நியூற்றலில் வைத்துவிட்டு அக்சிலேற்றரைக் கடைசி வரை ஒரேயடியாக மிதிக்கிறார்கள், விடுகிறார்கள், திரும்ப மிதிக்கிறார்கள். அந்தப் பரிசோதனை அப்படித்தான், பரிசோதிக்கிற பெடியனில் பிழை இல்லை. ஆனால் வருசம் முழுக்க 2,000 சுற்றில் ஊர்ந்த எஞ்சின் அந்த ஒரு நிமிசத்தில் 4,000க்கு மேல் போகிறது. பழைய பெல்ற்றுக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. மிதிப்பதற்கு முன் "பெல்ற் எப்ப மாத்தினது?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை அந்தச் சான்றிதழிலேயே ஒரு வரியாக எழுதினால் என்ன? காசு செலவில்லை, புதுச் சட்டம் தேவையில்லை. தெரியாது என்று எழுதினாலும் பரவாயில்லை, அடுத்து வாங்குகிறவனுக்கு அதுவாவது தெரியும். புகையை அளக்கிறோம், காப்புறுதி பார்க்கிறோம், பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிற பட்டியின் வயதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

பெற்றோரும் கேட்கலாம். மாதக் காசைக் கூட்டியபோது ஏன் கூட்டினாய் என்று வாசலில் வைத்துக் கேட்கிறீர்கள்தானே, அதே வாசலில் இதையும் கேளுங்கள். நாங்கள் கோபிப்போம், முதல் தடவை. பிறகு மாற்றுவோம்.

நான் மாற்றியது 2023 ஏப்ரல் விடுமுறையில். ஐந்து வருசம் என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன், ஆகவே அடுத்தது 2028. முன் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் திகதியும் கிலோமீற்றரும் வெள்ளைப் பெயின்ற்றில் எழுதியிருக்கிறது. என் வானில் பிள்ளையை ஏற்றும் யாரும் வந்து பார்க்கலாம், காலையில் ஓடி முடித்த கையோடு மட்டும் வேண்டாம், மூடி சுடும்.

இப்படிக்கு,
ஒரு பாடசாலை வான் சாரதி,
சுன்னாகம்.